முப்பத்தொன்றாவது சொல்

சொல்லுக்கு நாற்பது ரூபாய்.
மொத்தம் இருநூறு.
மனநோய்ப் பிரிவின் பதிவேட்டு அறையில்
எனக்குச் சம்பளம் போக
இது மேல்வரும்படி.
மே மாதம். மின்விசிறி சத்தம் போட்டது,
காற்றுப் போடவில்லை.

மனச்சோர்வு, பதற்றம் இரண்டும்
யாரோ எப்போதோ செய்துவைத்தவை.
காசு மட்டும் எனக்கு வந்தது.
டிஸ்ப்ளேஸ்மென்டுக்கு
இடப்பெயர்ச்சி என்று எழுதினேன்.
நர்ஸ் ரேணுகாம்பாள் எட்டிப் பார்த்தாள்:
"எந்த ராசிக்கு சார்?"
அடித்துவிட்டேன்.
மேலதிகாரி திட்டியதற்கு
வீட்டில் சோற்றுத் தட்டை எறிவது
என்று விளக்கம் எழுதினேன்.
விளக்கத்துக்குக் காசில்லை.

பேரணாம்பட்டு தவுலத் பீ
பதற்றம் என்ற சொல்லுக்குத் தலையாட்டினாள்,
ஒரு மரியாதைக்கு.
"அதெல்லாம் இன்னான்னு தெரியாது தம்பி.
இது கப்ராட்.
சுண்ணாம்புத் தொட்டில போட்ட தோலாட்டம்
உள்ள ஊறிகினே கீது."

குடியாத்தத்து நெசவாளி ஒருவர்,
இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா
என்ற கேள்விக்கு
நெடுநேரம் சுவரைப் பார்த்தார்.
"தறி ஓடுது சார்.
ஊடை நூலு எப்ப அறுந்துச்சோ, தெரியல."
படிவத்தில் மூன்றே கட்டம்:
இல்லை, சில நாட்கள், எல்லா நாளும்.
பேனாவை மூடி வைத்தேன்.

காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு ஒரே பஸ்.
சங்கரன்பாளையம் வரும்போது
குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வேன்.
என் செருப்பில் வார் கிடையாது.
பதினான்கு மாதமாக,
நாளுக்கு இரண்டு தடவை.

"இன்னா சார், கீழ எதுனா உழுந்துச்சா?"
என்றார் கண்டக்டர்.
"முதுகுவலி. குனிஞ்சா நல்லதாம்."
சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது,
அது என் பட்டியலில் இருபத்தெட்டு:
காரணம் கற்பித்தல்.
அதற்குக் காசு வாங்கிவிட்டேன்.
முப்பத்தொன்று இன்னும் காலி.

அந்த நிறுத்தத்தில் சம்பங்கியின் பஞ்சர் கடை.
ஓர் இரவு பதினொரு முறை கூப்பிட்டான்.
தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது.
எண்ணினேன்.
எடுக்கவில்லை.
விடியற்காலை பாலாற்றுப் பாலத்திலிருந்து
ரோந்து போலீஸ்காரர் ஒருவர்
தோளில் கைபோட்டு அவனைக் கூட்டிவந்து
இதே பிரிவில் சேர்த்தார்.

கடன் கேட்பான் என்று நினைத்தேன்:
முதல் மாதம் சொல்லிக்கொண்டது.
தூங்கிவிட்டேன்:
இரண்டாம் மாதம்.
அவன் கோப்பு என் அலமாரியில்தான் இருக்கிறது.
எண் மனப்பாடம்.
திறக்கக் கூடாது என்பது விதி.
நல்ல விதி.

பிழைத்துவிட்டான்.
அதனால்தான் பார்க்க முடியவில்லை.
செத்தவரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம்,
மாலை எழுபது ரூபாய்.

நேற்றும் குனிந்தேன்.
யார் பையிலிருந்தோ
ஒரு முள்ளுக்கத்தரிக்காய்
சீட்டுக்கடியில் உருண்டு வந்தது.
எடுத்தேன். காம்பு குத்தியது.
விருட்டென்று நிமிர்ந்துவிட்டேன்.

கடை வாசலில்
டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி
குமிழ் எங்கே வருகிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தவன்
என்னைப் பார்த்தான்.

"எறங்கணும்."
"பாகாயத்துக்கு எடுத்துகினு இங்க எறங்குறீங்களே?"
கேட்டுக்கொண்டே விசிலடித்தார்.

பதினான்கு மாதம் ஒத்திகை பார்த்த வாக்கியம்
எதிர்வெயிலில் நின்றது.
அவன் முந்திக்கொண்டான்:
"இன்னாடா, கத்திரிக்காயோட வந்துகீற?"

ஈரக்கையால் டியூபின் ஒரு பக்கத்தை நீட்டினான்.
பிடித்தேன்.
சுற்றிச் சுற்றி அமுக்கியதில்
வால்வுக்குப் பக்கத்தில் மெல்லிசாக,
கடுகளவு குமிழ்.
"அங்கதான். வெரல வெச்சிக்கோ, எடுக்காத.
ரப்பர் தேடிகினு வரேன்."
உள்ளே போனான்.
அவசரமே இல்லாமல் தேடினான்.
விரல் நுனியில் காற்று
முட்டிக்கொண்டே இருந்தது.

இன்று காலை முப்பத்தொன்றை நிரப்பினேன்.
சொல்: தவிர்த்தல்.
விளக்கம்: செருப்பில் வார் இல்லை.

துறைத்தலைவர் சிவப்பு மையில் சுழித்து
திருப்பி அனுப்பினார்.
தெளிவில்லையாம்.
அந்த நாற்பது ரூபாய் வரவில்லை.